உறவு முறியாமல் அண்ணனிடம் நிலத்துக் கணக்கு கேட்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஆறு ஏக்கர் நஞ்சையை, அதாவது ஏக்கருக்கு மூன்று மா என்ற ஊர்க் கணக்கில் 18 மாவை, அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அம்மாவும் அவரோடுதான் இருக்கிறார். கேட்பவர் சென்னையில் வேலையில் இருக்கிறார். தங்கையைக் கும்பகோணத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து விசாரித்தால் "இந்தத் தடவை ஒண்ணும் நிக்கலடா" என்கிறார் அண்ணன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் "என்னையே சந்தேகப்படுறியா?" என்று எழுந்து போய்விடுகிறார். கேட்காமல் விட்டால் இவருக்கு உள்ளுக்குள் புழுங்குகிறது. உண்மையையும் பேச வேண்டும், உறவும் முறியக் கூடாது, எப்படி?

இந்த மாதிரி விஷயங்களில் கடுமையாகப் பேசிக் கெட்டதைவிட, பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிக் கெட்டதுதான் அதிகம். மனசில் பணம் இருக்கும். வாய் "சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்" என்று சொல்லும். எதிரில் இருப்பவருக்கு அது புரியாமல் இல்லை. நீங்கள் விழுங்கிய பாதியை அவரே நிரப்பிக்கொள்வார், அதுவும் நீங்கள் நினைத்ததைவிட மோசமாக. ஆகவே கேட்பதை முழுசாகக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவர் பக்கத்துக் கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டில் எதை விட்டாலும் பேச்சு சண்டையில்தான் முடியும்.

முதல் வேலை, உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுவது. பெரும்பாலும் நாலு விஷயம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்: வருஷத்துக்கு இவ்வளவு பணம் வேண்டும், வரவு செலவு தெரிய வேண்டும், நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம், "உனக்கும் இதுல பாத்தியதை இருக்குடா" என்று அண்ணன் வாயால் கேட்க வேண்டும் என்ற ஆசை. நாலாவதை யாரும் எழுத மாட்டார்கள். பல பேருக்கு அதுதான் முதல் காரணம். இதைப் பிரித்துப் பார்க்காமல் போனால் என்ன நடக்கும்? பணத்துக்காகக் கணக்கைக் கேட்பீர்கள். அவர் கணக்கைச் சொல்வார். கணக்கு சரியாகவே இருக்கும். உங்களுக்கு மட்டும் ஆறாது. ஆறாததால் டிஏபி உர மூட்டை விலையில் ஒரு குறுக்குக் கேள்வி போடுவீர்கள். "சந்தேகப்படுறியா" வருவது சரியாக அந்த இடத்தில்தான். பணம் வேண்டுமென்றால் பணத்தைக் கேளுங்கள். பயம் என்றால் பயம் என்றே சொல்லுங்கள்.

இரண்டாவது வேலை, "ஒண்ணும் நிக்கல" என்பது உண்மையாக இருக்க முடியுமா என்று பார்ப்பது. 2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டில் நெல்லுக்கு அரசு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு சாதா ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். சாதா ரகம் என்றால் சிப்பத்துக்குச் சரியாக ஆயிரம் ரூபாய். ஒரு போகத்தில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30 கண்டால் அது 45 சிப்பம், 45,000 ரூபாய். ஆறு ஏக்கருக்கு 2,70,000. இப்போது செலவுக்கு வாருங்கள். புழுதி உழவு, சேற்றுழவு, விதை, நாற்றங்கால், பறிப்புக் கூலி, நடவுக் கூலி, அடியுரம், மேலுரம், களை, மருந்து, அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, டிராக்டர் நடை, ஏற்றுக்கூலி. ஏக்கருக்கு இது முப்பதாயிரத்தைத் தொடுவது இப்போது அதிசயமில்லை. அப்படியானால் 1,80,000 போய்விட்டது. மிச்சம் 90,000. அதுவும் சாயாமல், முளைக்காமல், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் நின்று, மூட்டை உடனே எடைக்குப் போனால். கடைசி நேர மழையில் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து சிப்பம் அடிபட்டால் அந்த 90,000-மும் கரைந்துவிடும். ஐந்து மாதம் விடியற்காலையில் மடை பார்க்கப் போன அவருடைய கூலி இதில் எங்குமே எழுதப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எண்கள் உங்கள் ஊருக்குக் கொஞ்சம் மாறும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போகிறவரின் குரலும், "ஆறு ஏக்கர், ரெண்டு போகம், ஒண்ணுமே நிக்கலையாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறவரின் குரலும் ஒன்றாக இருக்காது. பரிவு என்பதைக் குரலைக் குழைத்துப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். எதிரில் இருப்பவர் எதைச் சுமக்கிறார் என்று போகும் முன்பே தெரிந்துகொள்வதுதான் அதில் முக்கால் பங்கு வேலை.

சுமை கணக்கில் தெரியாமலும் இருக்கும். நடவுக்குப் பணமில்லாமல் அண்ணியின் சங்கிலி கூட்டுறவு சங்கத்தில் அடகில் இருக்கலாம். அதை உங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். பட்டா இன்னும் அப்பா பேரிலேயே இருந்தால், பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் ஒவ்வொரு பருவமும் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களோடு அலைகிறவர் அவர்தான். பட்டாவை மாற்ற உங்கள் கையெழுத்தும் தேவைப்பட்டு, நீங்கள் இரண்டு வருஷமாக "பொங்கலுக்கு வரும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர் மனசிலும் உங்களைப் பற்றி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எப்போது பேசுவது? காவிரி டெல்டாவில் இதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தப்பான காலத்தைத்தான் பிடிக்கிறார்கள். பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் இருப்பார்கள், பேசிவிடலாம் என்று தோன்றும். ஆனால் சம்பா வயலில் முற்றி நிற்பது அப்போதுதான். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் டெல்டா முழுக்கக் கதிர் சாய்ந்தது. அப்படி ஒரு வாரத்தில் கணக்கு கேட்டால் எவரும் கத்தத்தான் செய்வார். ஐப்பசி கார்த்திகை வேண்டவே வேண்டாம்; வயலில் தண்ணீர் வடியுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு ராத்திரி காவல் இருக்கிற நாட்களில் போன்கூடச் செய்யாதீர்கள். செய்தால் "சாப்டீங்களாண்ணே" என்பதோடு வைத்துவிடுங்கள். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பை ஒட்டிய வாரங்களும் கடன் வாங்கும், விதை வாங்கும் காலம்; நீர் எப்போது வரும் என்பதே 2024 போல நிச்சயமில்லாமல் போனால் இன்னும் மோசம். நல்ல காலம் பங்குனி, சித்திரை. சம்பா தாளடிப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கும், உளுந்து பயறும் ஏறக்குறைய கைக்கு வந்திருக்கும், மனுஷன் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார். அடுத்த போகத்துக்கு ஏற்பாடு செய்யவும் நேரம் இருக்கும்.

நேரில்தான் பேச வேண்டும், இரண்டு பேர் மட்டும். அம்மா எதிரில் வேண்டாம். ஒருவர் பக்கம் சாய வேண்டிய கட்டாயத்தில் அவரை நிறுத்தாதீர்கள். கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் திருவிழா எதுவும் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நிலம் பற்றி ஒரு விஷயம்" என்று ஒரு வரிகூடப் போடாதீர்கள். எழுத்தில் குரல் இல்லை, ஒன்பது பேர் படித்து ஒன்பது அர்த்தம் எடுப்பார்கள். சாயங்காலம் அவர் ஒரு பெக் போட்டிருந்தால் அன்றைக்குப் பேச்சு இல்லை, அவரே ஆரம்பித்தாலும். காலையில் வயலுக்குப் போகும்போது கூடவே நடந்து போங்கள். பக்கத்தில் நடந்தபடி, அல்லது மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து வயலைப் பார்த்தபடி பேசும்போது, முகத்துக்கு முகம் நாற்காலி போட்டுப் பேசும் விறைப்பு வராது.

போவதற்கு நாலைந்து நாள் முன்பே போனில் சொல்லிவிட வேண்டும். திடீரென்று மடக்கினால் அவர் சொல்லும் முதல் பதில் தற்காப்பாகத்தான் இருக்கும். "அண்ணே, சனிக்கிழமை வர்றேன். நிலத்து விஷயமா ஒரு மணி நேரம் உங்களோட உக்காந்து பேசணும். வரவு செலவு என்னன்னு தெரிஞ்சுக்கணும், வருஷத்துக்கு எனக்கு என்ன வரும்னும் பேசிக்கலாம்னு இருக்கேன்." அவ்வளவு போதும். என்ன விஷயம் என்பது முழுசாக இதில் வந்துவிட்டது. "என்னடா திடீர்னு?" என்றால் "திடீர்னு இல்லண்ணே, ரொம்ப நாளா மனசுல இருக்கு. போன்ல வேணாம், நேர்ல பேசுவோம்" என்று நிறுத்திவிடுங்கள்.

இங்கே ஒரு சறுக்கல் உண்டு. எல்லோரும் கூடவே "உங்க மேல சந்தேகமெல்லாம் துளியும் இல்லண்ணே" என்று சேர்த்துவிடுவார்கள். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அதைச் சொல்லாதீர்கள். அது பொய், பேச்சின் நடுவில் எப்படியும் வெளியே வந்துவிடும், அப்போது நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அதற்காக "சந்தேகமா இருக்கு" என்று முகத்தில் அடிக்கவும் வேண்டாம். உண்மையில் உங்களுக்குள் நடப்பது என்ன? தெரியாததால் மனசு கண்டதையும் யோசிக்கிறது. அதையே சொல்லலாம்: "எதுவும் தெரியாததால மனசு கண்டபடி யோசிக்குதுண்ணே. உங்களைப் பத்தி அப்படி யோசிக்கிறது எனக்கே பிடிக்கல. அதான் நேராக் கேட்டுடலாம்னு வந்தேன்." இதில் பொய் ஒன்றும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. வெட்கத்தை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்.

தம்பதிகளின் சண்டைகளைப் பல வருடம் பதிவு செய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், பேச்சின் முதல் மூன்று நிமிடத்தை வைத்தே அது எங்கே போய் நிற்கும் என்று பெரும்பாலும் கணிக்க முடிந்தது என்று காட்டினார். அது கணவன் மனைவியை வைத்துச் செய்த ஆய்வு. அண்ணன் தம்பி பேச்சுக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம். ஆகவே முதல் நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்தாலும் தப்பில்லை.

மார்ஷல் ரோசன்பர்க் என்ற இன்னொரு அமெரிக்கர் ஒரு வரிசை சொன்னார்: கண்ணால் கண்டது, அதனால் மனசில் எழுந்தது, அதற்கு அடியில் இருக்கும் தேவை, கடைசியில் ஒரு வேண்டுகோள். வரிசை நல்லது. ஆனால் அதை அப்படியே ஒப்பித்தால் வங்கியிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கும், அண்ணன் "யார்ரா உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்பார். நம் வீட்டுப் பேச்சில் அது இப்படி வரும்:

"அப்பா போனதுலேர்ந்து நிலத்தையும் அம்மாவையும் நீங்கதான் பாத்துக்கிறீங்க. நடவு அன்னைக்கு ஒரு நாள்கூட நான் வந்து வரப்புல நின்னதில்ல. எனக்குத் தெரியுதுண்ணே."

இங்கே நிறுத்துங்கள். அவர் ஏதாவது சொல்லட்டும். உடனே "ஆனா" என்று தொடர்ந்தால் இதுவரை சொன்னது முன்னுரை ஆகிவிடும், காரியத்துக்காகச் சொன்னதாக ஆகிவிடும். அவர் பதில் சொன்ன பிறகு:

"போன மாசி மாசம் கேட்டப்ப ஒண்ணும் நிக்கலன்னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் அதான் சொன்னீங்க. எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியல. நானும் இந்த வீட்டுப் புள்ளதானேன்னு ஒரு மாதிரி இருக்கு. இந்தக் குறுவையிலேர்ந்து வரவு செலவை எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வருஷத்துக்கு எனக்கு ஒரு தொகை முடிவு பண்ணிடுங்க."

இதில் இல்லாத சொற்களைக் கவனியுங்கள். "எப்பவுமே", "ஒரு நாளாவது", "உங்களுக்கென்ன", "ஊர்ல எல்லாரும் சொல்றாங்க" எதுவும் இல்லை. "எப்பவுமே ஒண்ணுமில்லைங்கிறீங்க" என்று தொடங்கினால், 'அந்த வருஷம் பத்தாயிரம் அனுப்பினேனே' என்று அவர் ஒரு விதிவிலக்கைக் காட்டுவார்; பேச்சு அந்தப் பத்தாயிரத்திலேயே மாட்டிக்கொள்ளும். "ஊர்ல சொல்றாங்க" அதைவிடக் கேடு. யார் சொன்னது என்ற விசாரணை தொடங்கிவிடும். அன்று சாயங்காலம் டீக்கடையில் இன்னொரு சண்டை. மரியாதையையும் மாற்றாதீர்கள். வீட்டில் "வாண்ணே, போண்ணே" என்று ஒருமையில் பேசுகிறவர் இன்றைக்கு மட்டும் "நீங்க" போட்டால் அண்ணனுக்கு உடனே உஷார் வந்துவிடும். எப்போதும் எப்படியோ அப்படியே.

எவ்வளவு நன்றாகத் தொடங்கினாலும் "அப்ப என்னைச் சந்தேகப்படுறியா?" வரும். வரும் என்று வைத்துக்கொண்டே போங்கள். இதற்கு மூன்று பதில்கள் வாயில் தயாராக இருக்கும், மூன்றும் கெடுக்கும். "ஐயோ இல்லண்ணே" என்று பின்வாங்கினால் அடுத்த வருஷம் வரை கதவு மூடியது. "அப்ப கணக்கைக் காட்ட வேண்டியதுதானே" என்றால் வழக்கு தொடங்கியது. வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தால், அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார். சொல்ல வேண்டியது அவர் உணர்ந்ததை ஒப்புக்கொள்வது: "இவ்வளவு உழைச்சுட்டு இப்படி ஒரு கேள்வி வந்தா யாருக்கும் கோவம் வரும்ணே." பிறகு வாயை மூட வேண்டும். மனசுக்குள் ஆறு எண்ணுங்கள். அந்த இடைவெளியை நிரப்ப நாக்கு துடிக்கும், விடாதீர்கள். பெரும்பாலும் அப்போதுதான் உண்மையான பாரம் வெளியே வரும்: நடவுக்கு ஆள் கிடைக்காமல் நாற்று முற்றியது, மோட்டார் காயில் எரிந்தது, அம்மாவை ராத்திரி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடியது.

கேட்பது என்பது தனி வேலை. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்லித் தந்த முறையில், எதிரில் இருப்பவர் சொன்னதன் சாரத்தை அவருக்கே திருப்பிச் சொல்லி, சரியா என்று பார்க்க வேண்டும். தமிழில் அதற்கு "நீங்கள் சொல்வது என்னவென்றால்" என்ற பீடிகை வேண்டாம். "அப்ப நாத்து முத்தினப்புறம்தான் நட்டீங்களா?", "அந்த காயில் கட்டினது யார் காசுல?", "அன்னைக்கு ராத்திரி தனியாவா போனீங்க?" என்று கேட்டால் அதே காரியம் நடக்கும். கூடாதது ஒன்று உண்டு: அவர் பாரத்துக்கு உங்கள் பாரத்தைப் பதிலாக வைப்பது. "எனக்கு மட்டும் சென்னையில வாடகை இல்லையா?" என்பது உண்மையாகவே இருக்கட்டும், அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. அவர் முடித்து, நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டதை அவர் "ஆமாண்டா" என்று சொன்ன பிறகு உங்கள் முறை.

"உன்னைப் படிக்க வெச்சதே இந்த நிலம்தான்" என்றும் ஒரு கட்டத்தில் வரும். உண்மைதானே. "ஆமாண்ணே, நீங்க படிப்பை விட்டதும் அதுக்குத்தான்" என்று சொல்லிவிட முடிந்தால் பாதிச் சூடு அங்கேயே தணியும். தழைந்து போவதாகாது இது. நடந்ததை நடந்தது என்று சொல்வது. உங்கள் பங்கு இதனால் ஒரு குழி நிலம்கூடக் குறையாது.

குரல் ஏறிவிட்டால் பேசிப் பயனில்லை. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் விழுந்தும் மண்டையில் ஏறாது, அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்பதும் காட்மன் சொன்னதுதான். அண்ணன் "மாட்டைப் பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்தால் அது அந்த 20 நிமிடம். பின்னாலேயே போகாதீர்கள். நீங்கள் எழுவதாக இருந்தால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டு எழுங்கள்: "மனசு படபடங்குதுண்ணே, ஒரு டீ குடிச்சுட்டு பத்து மணிக்கு வர்றேன்." சொல்லாமல் எழுந்தால் கோபித்துக்கொண்டு போனதாகத்தான் கணக்கு. டீக்கடையில் யாரிடமும் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மனைவியைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். "அவதான் கேக்கச் சொன்னா" என்று சொன்னால் அந்த நிமிடம் தப்பிக்கலாம். ஆனால் அண்ணனுக்கு உங்கள் மேல் வர வேண்டிய கோபம் முழுக்க மனைவி தலையில் விழுந்து, இருபது வருஷம் நிற்கும். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் 'மருமகள் வந்து பிரித்தாள்' என்று சொல்லப்படுகிற கதைகளில் பாதி, ஆம்பிளை தன் விருப்பத்தைத் தன் பேரில் சொல்லத் தைரியமில்லாமல் போனதால் உண்டானவை. "எனக்கு வேணும்" என்று சொல்லுங்கள்.

இனி ஏற்பாடு. பழைய நாலு வருஷக் கணக்கை விடுங்கள் என்பேன். கூலியாட்களுக்குக் கொடுத்த காசுக்கு எங்கே ரசீது? வரவு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கொள்முதல் நிலையப் பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது. செலவுதான் கைக்காசு. பழைய செலவைக் கேட்பது அவரைக் கூண்டில் ஏற்றுவது போலத்தான் ஆகும். ஆனால் விட மனசு வராவிட்டால் "பழசை விட்டுட்டேன்" என்று சொல்லாதீர்கள். "பழசு மனசுல இருக்கத்தான் செய்யுது, ஆனா இனிமேலாவது சரியா வெச்சுக்குவோம்" என்பது நேர்மை.

இனிமேலுக்கு இரண்டு வழி. ஒன்று, நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்து, அவர் மேற்பார்வைக்கு ஒரு பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பது. நோட்டில் தேதி, என்ன வேலை, தொகை என்ற மூன்று கட்டம் போதும். ரசீது இல்லாத சில்லறைச் செலவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு மொத்தத் தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் டீ வடையில் வந்து சண்டை நிற்கும். இரண்டாவது, உங்கள் பங்கு நிலத்துக்கு மாவுக்கு இத்தனை மூட்டை என்று குத்தகை மாதிரி பேசிவிடுவது. என்னைக் கேட்டால் இதுதான் மேல். கணக்கு என்ற பேச்சே எழாது. கூடுதலாக விளைந்தால் அது அவர் உழைப்பின் பலன். ஆனால் வெள்ளத்தில் அடித்துப்போன வருஷத்தில், அரசு பயிர்ச்சேதக் கணக்கெடுத்த வருஷத்தில், குத்தகை கிடையாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அதை அவர் கேட்கும் முன் நீங்களே சொன்னால் நல்லது. பணமாக எதுவும் வேண்டாம், வருஷச் சாப்பாட்டுக்கு நெல் அரைத்து அனுப்பினால் போதும் என்று உண்மையிலேயே தோன்றினால், எத்தனை மூட்டை என்று எண்ணிச் சொல்லுங்கள். "உங்களுக்குத் தோணினதைக் குடுங்க" என்பது பெருந்தன்மை மாதிரித் தெரியும். அடுத்த வருஷச் சண்டைக்கு விதை அங்கேதான் விழுகிறது.

உங்கள் கேள்வியில் தங்கை ஒரே ஒரு இடத்தில், கட்டிக் கொடுத்த செய்தியாக மட்டும் வருகிறாள். உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் இருவரைப் போலவே அம்மாவும் தங்கையும் வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டு வந்தது. 2005-ல் நாடு முழுக்க மத்தியச் சட்டத்திலும் வந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அண்ணன் தம்பி இருவரும் முதலில் பேசிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் இரண்டே பங்கு என்ற எண்ணத்தில் பேசினால், நீங்கள் அண்ணனிடம் கேட்கிற அதே கேள்வியை நாளைக்குத் தங்கை உங்களிடம் கேட்பாள், அப்போது "சீர் செஞ்சோமே" என்று நீங்கள் தற்காப்பில் இறங்குவீர்கள். போவதற்கு முன் அவளுக்கு ஒரு போன்: "நிலத்து விஷயமா அண்ணன்கிட்ட பேசப் போறேம்மா. உன் பங்கும் இருக்குன்னு சொல்லித்தான் பேசுவேன். உனக்கு என்ன நினைப்புன்னு சொல்லு." அவள் "எனக்கு ஒண்ணும் வேணாம்ணே" என்று சொல்லக்கூடும். அந்த ஒரு பேச்சை வைத்து முடிவு கட்டாதீர்கள். புகுந்த வீட்டில் பக்கத்தில் யார் இருந்தார்களோ. தனியாக இருக்கும்போது இன்னொரு தடவை கேளுங்கள்.

அண்ணிக்கு நன்றி சொல்வதானால் குறிப்பாகச் சொல்லுங்கள். "நீங்க தெய்வம் அண்ணி" என்றால் ஒரு சிரிப்போடு உள்ளே போய்விடுவார். "அம்மாவுக்கு வேளா வேளைக்கு சுகர் மாத்திரையை எடுத்துக் குடுக்கிறீங்களே, நான் இருந்தாக்கூட மறந்திருப்பேன்" என்றால் அது மனசில் நிற்கும். கூடவே ஒரு வேலையை உங்கள் தலையில் ஏற்றுக்கொள்ளுங்கள், மாத்திரைச் செலவையோ கோடையில் இரண்டு மாதம் அம்மாவைச் சென்னையில் வைத்துக்கொள்வதையோ. முடிகிறதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அம்மா சென்னை அடுக்குமாடியில் இரண்டாம் வாரமே "ஊருக்குக் கொண்டுபோய் விடுடா" என்பாரென்றால் முதலாவதே உசிதம்.

பேசி முடித்த அன்றே அண்ணனுக்கு மட்டும் இரண்டு வரி அனுப்புங்கள், வாயால் பேசிய குரல் பதிவாக இருந்தாலும் சரி: என்ன முடிவு, எப்போதிலிருந்து. ஏதாவது ஒரு சொல் கூடிப்போயிருந்தால் அதே சொல்லைக் குறிப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். "ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்பதில் மன்னிப்பு இல்லை.

ஒரு தடவையில் முடியாது. இரண்டாவது, மூன்றாவது தடவையும் எழுந்து போய்விட்டால், இருவரும் ஒப்புக்கொள்கிற ஒரு பெரியவரை நடுவில் வைக்கலாம். தாய்மாமன் சரிப்படும், அவர் இருவரில் யாரிடமும் கடன் வாங்கியிருக்கக் கூடாது. நீங்களாக ஒருவரை அழைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள், பஞ்சாயத்து வைத்துவிட்டதாகிவிடும். நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ பேச்சு நடக்கிறது என்று நம்பத்தக்க காரணம் இருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். பத்திரப்பதிவுத் துறை இணையதளத்திலேயே வில்லங்கம் பார்த்துவிடலாம். பார்த்து, தேவைப்பட்டால் வழக்கறிஞரைக் கண்டுவிட்டு, பிறகு அண்ணனிடம் "பாத்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்; வேறு வாயால் அவருக்குத் தெரிய வேண்டாம்.

சென்னை திரும்பி வீட்டில் சொல்லும்போது முடிவை முதலில் சொல்லுங்கள்: மாவுக்கு இத்தனை மூட்டை, தை மாசம், அம்மா மாத்திரை நம்ம பொறுப்பு. "அவர் இப்படிக் கேட்டார், நான் அப்படிச் சொன்னேன்" என்று வசனம் வசனமாக ஒப்பிக்க வேண்டாம். கோபத்தில் வந்து அங்கேயே அடங்கிப்போன சொல்லும் அந்த ஒப்பித்தலில் உயிர் பெற்று, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மனைவியின் முகத்தில் தெரியும். அண்ணியும் அதைக் கவனிப்பார்.